எட்டுப் பேரின் மேல் நிற்கும் வாக்கியம்

இதய அறுவை சிகிச்சையை ஒட்டி வைட்டமின் சி கொடுத்தால், பின்னால் வரும் துடிப்புக் கோளாறு பாதியாகக் குறையும் என்றொரு வாக்கியம் மருத்துவ இதழ்களில் உலவுகிறது. சொற்கள் முன்னே பின்னே மாறும், சாரம் மாறாது. வாக்கியத்தின் கடைசியில் சிறிய மேற்கோள் எண் ஒன்று இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துப் போனால் இன்னொரு தொகுப்புக் கட்டுரை வரும். அதன் அடியில் இன்னோர் எண். முதலில் சொன்னவர் யார், எத்தனை நோயாளிகளைப் பார்த்துச் சொன்னார், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார் என்பதையெல்லாம் இடையில் வந்த கட்டுரைகள் விட்டுவிட்டிருந்தன. பழைய ஆய்வேடுகளைப் பின்னோக்கிப் படிப்பதுதான் என் வேலை. இந்த வாக்கியத்தின் வேரைப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

பைபாஸ் அறுவை முடிந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பி நடுங்கத் தொடங்குகின்றன. டாக்டர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்வது இதைத்தான். பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியும். அப்படி எதுவும் ஆகாவிட்டாலும் ஐ.சி.யூ. வாசம் நீளும், வெளியே நாற்காலியில் காத்திருக்கும் குடும்பம் இன்னொரு நாளுக்குப் பணம் புரட்ட வேண்டும். சில ரூபாய் மாத்திரையால் இந்த அவதி பாதியாகக் குறையும் என்றால் அதை எல்லோருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். குறையாது என்றால் அந்த நம்பிக்கையை விற்பதை நிறுத்த வேண்டும். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு உண்டு.

தேடலை 1953இலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மே 6ஆம் தேதி, ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைச் சுவரில் இருந்த ஓட்டையைத் தைத்து மூடினார். 26 நிமிடங்கள், இதயம் நுரையீரல் இரண்டின் வேலையையும் இயந்திரமே முழுமையாகச் செய்தது. மனைவி மேரியோடு சேர்ந்து 1930களிலிருந்து கிப்பன் பாடுபட்டு உருவாக்கிய இயந்திரம் அது. அந்தப் பெண் பிழைத்தார். அடுத்து வந்த நோயாளிகள் பிழைக்கவில்லை. மனம் உடைந்த கிப்பன் இதய அறுவையையே விட்டுவிட்டார். 1955இல் மேயோ கிளினிக்கில் ஜான் கிர்க்லின் அதே இயந்திரத்தைத் திருத்தி அமைத்து மீண்டும் கையில் எடுத்தார். அங்கிருந்துதான் இன்றைய ஓபன் ஹார்ட் சர்ஜரி வளர்ந்தது.

வளர வளர ஒரு புதிரும் கூடவே வளர்ந்தது. தையல் சரியாக இருக்கும், வால்வு சரியாக இருக்கும். ஆனால் நோயாளியின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், சிறுநீர் குறையும், காய்ச்சல் அடிக்கும், ரத்தம் நிற்காமல் கசியும். கிருமி எதுவும் அகப்படாது. உடல் முழுக்கத் தீப்பிடித்த மாதிரியான அழற்சி மட்டும் இருக்கும். இயந்திரத்தோடு இதற்கு ஏதோ தொடர்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எந்த வழியாக என்பதுதான் தெரியவில்லை.

அந்த வழியைக் காட்டிய ஆவணங்களில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது 1983இல் அமெரிக்காவின் மார்பு அறுவை இதழில் வந்த கட்டுரை. அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் நடந்த ஆய்வு. ஆசிரியர் பட்டியலில் முதல் பெயர் ஜேம்ஸ் கிர்க்லின். 1955இல் இயந்திரத்தைக் கையில் எடுத்த ஜான் கிர்க்லினின் மகன். தந்தையின் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. தான் உலகத்துக்குக் கொண்டுவந்த கருவி நோயாளிக்கு என்ன தீங்கு செய்கிறது என்று மகனோடு உட்கார்ந்து அளந்து அச்சில் போட்ட அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது. இயந்திரத்தில் இணைத்து அறுவை செய்த 116 பேர், இயந்திரம் இல்லாமல் செய்த 12 பேர் என இரு தரப்பிலும் ரத்தத்தில் சி3ஏ என்ற பொருளை அளந்தார்கள். காம்ப்ளிமென்ட் என்ற பாதுகாப்புப் புரதங்கள் விழித்துக்கொண்டால் உடைந்து வெளிவரும் துண்டு அது. இயந்திரத்தில் இணைந்தவர்களிடம் அது எகிறியிருந்தது. மற்ற 12 பேரிடம் இல்லை. அறுவை முடிந்து 3 மணி நேரம் கழித்தும் அந்த அளவு யாரிடம் அதிகமாக இருந்ததோ, அவர்களுக்கே நுரையீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றில் சிக்கல்கள் அதிகம் வந்தன.

காரணம் எளிது. ரத்தம் பிறந்தது முதல் ரத்தக் குழாயின் உள்தோலைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. இயந்திரத்தில் அது மீட்டர் கணக்கில் பிளாஸ்டிக் குழாயையும் வடிகட்டியையும் தொடுகிறது. அந்நியப் பொருள் என்று உடல் முடிவு கட்டுகிறது. காம்ப்ளிமென்ட் விழிக்கிறது, அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களை உசுப்புகிறது, அவை நுரையீரலின் மெல்லிய நாளங்களில் போய் ஒட்டிக்கொண்டு, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் ஆயுதத்தைச் சொந்த உடலின் மேலேயே வீசுகின்றன. அந்த ஆயுதம் என்ன என்பதில்தான் ஆன்ட்டிஆக்ஸிடன்ட்டின் கதை வந்து சேர்கிறது.

இதற்கு இன்னும் பின்னால், 1938க்குப் போக வேண்டும். கேம்பிரிட்ஜில் மான், கெய்லின் என்ற இருவர் மாட்டு ரத்தத்திலிருந்து தாமிரம் கலந்த புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து ராயல் சொசைட்டி இதழில் எழுதினார்கள். அதன் வேலை என்ன என்று அப்போது தெரியவில்லை. 1960களில் வேறொரு தரப்பினர் மாட்டின் திசுக்களிலிருந்து அழற்சியைத் தணிக்கும் புரதம் ஒன்றை எடுத்து ஆர்கோட்டீன் என்று பெயரிட்டார்கள். குதிரைகளின் மூட்டு வீக்கத்துக்குக் கொடுத்தார்கள். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அந்தத் தாமிரப் புரதத்தின் வேலையைக் கண்டுபிடித்தார்கள். ஆக்ஸிஜன் ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு சூப்பராக்ஸைடு என்ற முரட்டு வடிவம் எடுக்கும்போது, அதை அடக்குவதே அதன் வேலை. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் ஒரே புரதம்தான். அழற்சியைத் தணிப்பதும் சூப்பராக்ஸைடை அடக்குவதும் ஒரே பொருளின் வேலை என்பது ஏடுகளில் தனித்தனியே கிடந்தது. 1973இல் பாபியர் குழுவினர் வெள்ளையணுக்களே சூப்பராக்ஸைடைத் தயாரித்து வீசுகின்றன என்று காட்டியதும் இழைகள் இணைந்தன.

இதய அறுவையில் அந்த முரட்டு ஆக்ஸிஜன் வேறு வழியாகவும் பிறக்கிறது. இதயத்தை நிறுத்துவதற்காக மகா தமனியில் கவ்வி போடுகிறார்கள். கவ்வியை எடுத்ததும், பட்டினி கிடந்த தசைக்குள் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் பாய்கிறது. அந்த நிமிடங்களில் சூப்பராக்ஸைடு கொத்தாகக் கிளம்புகிறது. பம்பில் உடைந்த சிவப்பணுக்களிலிருந்து கசிந்த இரும்பு அதை இன்னும் கொடியதாக மாற்றுகிறது. உடலில் இருக்கும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, செலினியத்தை நம்பியிருக்கும் நொதிகள் எல்லாம் இதற்குத் தங்களைக் கொடுத்துத் தீர்ந்துபோகின்றன. ஆகவே முன்கூட்டியே நிரப்பிவைத்தால் என்ன என்ற யோசனை தர்க்கப்படி குறையே இல்லாதது. அந்தத் தர்க்கத்தின் அழகுதான் பலரைச் சான்றைப் பார்க்க விடாமல் செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மேற்கோள் எண்களின் சங்கிலி கடைசியில் 2001இல் போய் நின்றது. சர்குலேஷன் ரிசர்ச் இதழில் சிந்தியா கார்ன்ஸ் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரை. அதில் இரண்டு பாகம். முதல் பாகம் நாய்களைப் பற்றியது: 11 நாய்களின் இதய மேலறையை மின்தூண்டலால் அதிவேகமாகத் துடிக்க வைத்தபோது திசுவில் வைட்டமின் சி குறைந்தது; முன்கூட்டியே வைட்டமின் சி கொடுத்தபோது மேலறையின் மின்மாற்றங்கள் மட்டுப்பட்டன. கவனமாகச் செய்த நல்ல ஆய்வு. இரண்டாம் பாகம் மனிதர்களைப் பற்றியது. பைபாஸ் செய்துகொண்ட 43 பேருக்கு அறுவைக்கு முந்தைய இரவு 2 கிராம், பின்பு 5 நாட்களுக்குத் தினம் இருவேளை 500 மில்லிகிராம் கொடுத்தார்கள். அவர்களில் 16.3 சதவீதத்தினருக்குத் துடிப்புக் கோளாறு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதே எண்ணிக்கையில் எடுத்த மற்றவர்களில் 34.9 சதவீதம்.

சதவீதத்தைத் திருப்பிப் போட்டேன். 43இல் 16.3 சதவீதம் என்றால் 7 பேர். 34.9 சதவீதம் என்றால் 15 பேர். வித்தியாசம் 8 பேர். உலகம் சுற்றிவந்த வாக்கியம் நின்றது இந்த எட்டுப் பேரின் மேல்.

எண்ணிக்கை சிறிது என்பதைவிட எனக்கு உறுத்தியது ஒப்பீட்டு முறை. வைட்டமின் பெற்றவர்கள், பெறாதவர்கள் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. வயது முதலியவற்றில் பொருந்துகிறவர்களைப் பின்னர் தேர்ந்தெடுத்து எதிரே நிறுத்தியிருந்தார்கள். கட்டுரை இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறது. மேற்கோள் காட்டியவர்கள்தான் ஒவ்வொரு கை மாறும்போதும் இந்த விவரத்தை உதிர்த்துவிட்டார்கள். ஒரு முன்னோட்டம் உறுதிப்பாடாக மாறிய விதம் இதுதான்.

வேர் கிடைத்துவிட்டது. இனி கிளைகளைப் பார்க்க வேண்டும். 2007இல் ஈரானில் 100 பேரைக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனையில் வைட்டமின் சி தரப்பில் 4 சதவீதம், மறுதரப்பில் 26 சதவீதம். வியக்க வைக்கும் வித்தியாசம். 2013இல் சிலி நாட்டில் ரமோன் ரோட்ரிகோ குழுவினர் மீன் எண்ணெயோடு வைட்டமின் சி, ஈ இரண்டையும் சேர்த்து 203 பேரிடம் சோதித்தார்கள். 103 பேரில் 10 பேருக்கும், போலி மாத்திரை பெற்ற 100 பேரில் 32 பேருக்கும் கோளாறு வந்தது. இதுவும் பெரிய பலன். ஆனால் மீன் எண்ணெயை மட்டும் தனியே 1,516 பேரிடம் சோதித்த ஓப்ரா ஆய்வு 2012இலேயே வந்துவிட்டது. அதில் 30.0, 30.7 சதவீதம் என்று இரு தரப்பும் ஒட்டி நின்றன. அப்படியென்றால் சிலியில் வேலை செய்தது வைட்டமின்களா?

அதே 2012இல் அமெரிக்காவில் பியோர்டால் குழுவினர் வெளியிட்ட சோதனை வைட்டமின் சி மட்டுமே கொடுத்துப் பார்த்தது. பெற்றவர்கள் 89 பேர், பெறாதவர்கள் 96 பேர். 30.3 சதவீதம், 30.2 சதவீதம். துளி வித்தியாசமில்லை.

ஒரே மாத்திரை, ஒரே அறுவை. ஓரிடத்தில் 4க்கு 26, இன்னோரிடத்தில் 30க்கு 30. யாரோ தவறாகச் செய்தார்கள் என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். இந்தத் துறையில் அந்தச் சந்தேகத்துக்கு இடமும் உண்டு. சிவப்பு ஒயினில் இருக்கும் ரெஸ்வெராட்ரால் இதயத்தைக் காக்கும் என்று எழுதிக் குவித்த தீபக் தாஸ் என்ற கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர், 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருந்ததாக அந்தப் பல்கலைக்கழகமே 2012 ஜனவரியில் அறிவித்தது. வைட்டமின் சி சோதனைகளுக்கும் அவருக்கும் தொடர்பில்லை. என்றாலும் ஆன்ட்டிஆக்ஸிடன்ட் ஏடுகளைப் படிக்கிறவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

பூட்டைத் திறக்கும் சாவி 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் இருந்தது. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹெமிலாவும் அவருடைய சகாவும் 15 சோதனைகளை, 2,050 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரி சொல்லி முடித்திருக்கலாம். அவர்கள் நாடுவாரியாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் நடந்த 5 சோதனைகளில் வைட்டமின் சியால் எந்தப் பலனும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே இதய அறுவை நோயாளிகளிடம் நடந்த 9 சோதனைகளில் துடிப்புக் கோளாறு 44 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவமனையில் தங்கும் காலமும் குறைந்திருந்தது. அந்த 9இல் பெரும்பாலானவை ஈரானையும் கிரேக்கத்தையும் சேர்ந்தவை. வாக்கியம் பிறந்த நாட்டிலேயே அது செல்லுபடியாகவில்லை. வேறு நாடுகளில் செல்லுபடியாகிறது.

இதற்கு இரண்டு விளக்கம் சாத்தியம். சிறிய சோதனைகளில் நல்ல முடிவு வந்தவை அச்சேறி, வராதவை மேசையறையில் தூங்கிவிடுவது ஒன்று. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மற்றொன்று, நோயாளிகளின் உடலில் வைட்டமின் சி முதலில் எவ்வளவு இருந்தது என்பது. ஏற்கெனவே நிறைந்திருக்கும் உடலில் கூடுதலாக ஊற்றுவது சிறுநீரில் போய்விடும்; வற்றிக் கிடக்கும் உடலில் அதே மாத்திரை வேறு வேலை செய்யும். 2003-04இல் அமெரிக்காவில் எடுத்த தேசிய கணக்கெடுப்பில், 6 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 7 சதவீதத்தினருக்கே வைட்டமின் சி பற்றாக்குறை இருந்தது.

ஆகவே சோதனைக் கட்டுரைகளை மறுபடி எடுத்து, ஆரம்ப அளவு எங்கே என்று மட்டும் தேடிப் படித்தேன். நான் படித்தவற்றில் பெரும்பாலானவற்றில் அந்த எண் இல்லை. அளவே எடுக்காமல் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பசித்தவனையும் சாப்பிட்டு எழுந்தவனையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டு, சோற்றால் வயிறு நிறைகிறதா என்று கேட்ட மாதிரிதான் இது.

எடுக்காததற்குக் காரணமும் புரிகிறது. வைட்டமின் சி சோதனைக் குழாயிலேயே கெட்டுப்போகும். ரத்தம் எடுத்தவுடன் பிளாஸ்மாவைப் பிரித்து, மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேர்த்து, குளிரில் காக்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு பார்ப்பது போல நடக்கிற காரியமில்லை. ஆனால் அதைக் கிராமம் கிராமமாகப் போய்ச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதய மருத்துவர்கள் இல்லை, கண் மருத்துவர்கள்.

கண்புரைக்குக் காரணம் தேடிய ஓர் ஆய்வு அது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆர்.டி. ரவீந்திரன் முதல் ஆசிரியராக இருக்கும் அந்தக் கட்டுரை 2011இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது. வட இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் 60 வயதைக் கடந்த 5,638 பேரின் ரத்தத்தில் வைட்டமின் சி அளந்தார்கள். பற்றாக்குறை வடக்கே 73.9 சதவீதம், தெற்கே 45.7 சதவீதம். போதிய அளவு இருந்தவர்கள் தெற்கிலும் 25.9 சதவீதம்தான். ஆண்கள், வயது ஏறியவர்கள், புகையிலை பழக்கம் உள்ளவர்கள், விறகடுப்புப் புகையில் வாழ்கிறவர்கள், உடல் மெலிந்தவர்கள் ஆகியோரிடம் பற்றாக்குறை கூடுதல். மழைக்காலத்தில் இன்னும் மோசம். இந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். வயதானவர், ஆண், புகைத்தவர்: இதய அறுவை வார்டில் படுத்திருப்பவர்களில் பலரின் அடையாளமும் இதுதான்.

இதய அறுவை ஏடுகளும் கண் மருத்துவ ஏடுகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது என் தேடல் ஒரு முடிவுக்கு வந்தது. வைட்டமின் சி வேலை செய்கிறதா என்பது பாதிக் கேள்விதான். யாரிடம் வற்றியிருக்கிறது, வற்றியவரிடம் வேலை செய்கிறதா என்பதே முழுக் கேள்வி. செலினியத்திலும் இதே ஓட்டை விழுந்தது. அறுவையின்போது ரத்தத்தில் செலினியம் குறைவதும் பின்னால் பல உறுப்புகள் செயலிழப்பதும் சேர்ந்து வருவதை 2011இல் ஜெர்மனியின் கிறிஸ்டியன் ஸ்டாப்பே குழுவினர் 60 நோயாளிகளிடம் காட்டினார்கள். அதை நம்பி ஜெர்மனியிலும் கனடாவிலும் 1,400க்கு மேற்பட்டோரிடம் அதிக அளவு செலினியம் கொடுத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2023இல் வந்தது. பலன் இல்லை. அபாயம் அதிகமுள்ள நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். செலினியம் குறைந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை.

அப்படியானால் பாதுகாப்பாக எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கூடாது. 2022இல் வெளியான லோவிட் சோதனையில், தீவிரக் கிருமித்தொற்றில் ஐ.சி.யூ.வில் இருந்த 872 பேரில் ஒரு பாதியினருக்கு மிக அதிக அளவு வைட்டமின் சி ஊசி வழியாகப் போட்டார்கள். இறந்தவர்களும் உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்களும் அந்தத் தரப்பில் 44.5 சதவீதம், போலி மருந்து பெற்ற தரப்பில் 38.5 சதவீதம். வைட்டமின் தீங்கு செய்யாது என்று நம்மில் பலருக்கு இருக்கும் எண்ணத்தை இந்த எண்கள் உடைக்கின்றன. தனி இரும்பு இருக்கும் இடத்தில் வைட்டமின் சியே முரட்டு ஆக்ஸிஜனைத் தூண்டிவிடும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த செய்தி. பம்பில் சிவப்பணு உடையும் ரத்தத்தில் அந்த இரும்புக்குக் குறைவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தனியார் மருத்துவமனைகளிலும் இதய அறுவை நடந்துகொண்டே இருக்கிறது. இந்த முழுக் கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அறுவைக்கு முன் எடுக்கும் ரத்தத்தில் ஒரு குழாயின் பிளாஸ்மாவைப் பிரித்து, அமிலம் சேர்த்துத் தனியே குளிரில் வையுங்கள். வைட்டமின் சி வற்றியிருப்பவர்களை மட்டும் குலுக்கிப் பிரித்து, அளவான மாத்திரை கொடுத்துப் பாருங்கள். கண் மருத்துவர்கள் செய்து காட்டிய முறை கைவசம் இருக்கிறது. இதய அறுவை நிபுணர்களிடமும் மருத்துவக் கல்லூரிகளிடமும் என் வேண்டுகோள் இதுதான்.

அறுவைக்குத் தேதி குறித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவரை கொய்யாவோ நெல்லிக்காயோ உங்கள் டாக்டர் அனுமதிக்கும் உணவில் இருக்கட்டும். ஆன்ட்டிஆக்ஸிடன்ட் காப்ஸ்யூலை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் அதன் பெயரையும் அளவையும் அறுவைக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.